கடல்முயல் உண்ட மருந்து

நுழையும்முன்

முத்தையும் பவளத்தையும் சங்கையும் பற்பமாக்கி மருந்தாகக் கொண்ட மரபு நம்முடையது. ஆயினும் கடலடிப் பாறைகளில் மயிர்க்கற்றைபோல் ஒட்டிக்கிடக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்தை மருந்துக்காக நாடியவர் முற்காலத்தில் இலர். பார்வைக்கு அழுக்கெனத் தோன்றும் அந்த இழைகளிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேதியியலாளர் பிரித்தெடுத்த சேர்மங்கள், புற்றுநோய் மருத்துவத்தின் போக்கில் ஒரு திருப்பத்தை உண்டாக்கின. அவற்றுள் ஒரு சேர்மத்தின் நாற்பதாண்டுக் கதையே இப்பாடம்.

பாசி என்னும் பழம்பெயர்

தமிழில் ‘பாசி’ என்னும் சொல் மிக விரிந்த பொருளுடையது. குளத்து நீரை மூடிக் கிடப்பதும் பாசி; மழைக்காலத்துச் சுவரில் படர்வதும் பாசி; மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற கடலில் மூழ்கிப் பெண்கள் பறித்துவரும் கடற்பயிரும் பாசியே. அறிவியலார் நெடுங்காலம் ‘நீலப்பச்சைப் பாசி’ என்று அழைத்த உயிரினத்தையும் அவ்வரிசையிலேயே வைத்தனர். அப்பெயர் இன்றும் வழக்கில் இருப்பினும், அவ்வுயிர் உண்மையில் பாசியன்று. அதன் உயிரணுவில் உட்கருச் சவ்வு இல்லை, பசுங்கணிகமும் இல்லை. அது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. ஆதலின் ‘சயனோபாக்டீரியா’ என்பதே பொருந்தும் பெயர்.

இவ்வுயிரிகளின் தொன்மை வியப்புக்குரியது. நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியிடும் ஒளிச்சேர்க்கையை உலகில் முதன்முதலாக நிகழ்த்தியவை இவையே. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் புவியின் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது இவற்றின் உழைப்பால்தான். இன்று ஒவ்வோர் இலையிலும் உள்ள பசுங்கணிகமும், பண்டைக் காலத்தில் வேறோர் உயிரணுவுக்குள் புகுந்து தங்கிவிட்ட சயனோபாக்டீரியாவின் வழித்தோன்றல் என்பது உயிரியலார் முடிவு.

இத்துறையில் தமிழகத்திற்கும் ஒரு பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசியியல் ஆய்வை வளர்த்த எம்.ஓ.பி. அய்யங்காரின் மாணவர் டி.வி. தேசிகாச்சாரி, 1959ஆம் ஆண்டு ‘சயனோபைட்டா’ என்னும் பெருநூலை வெளியிட்டார். நுண்ணோக்கியில் தெரியும் வடிவத்தைக் கொண்டு இவ்வுயிரிகளை இனங்காண உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் அந்நூலைப் புரட்டினர்; மரபணு ஆய்வு வளர்ந்துவிட்ட இக்காலத்தும் அது புறந்தள்ளப்படவில்லை.

அரிப்பில் தொடங்கிய ஆய்வு

பல்லில்லை, ஓடில்லை, ஓடி ஒளியக் காலுமில்லை. பவளப்பாறைகளில் மேயும் மீன்களுக்கும் நத்தைகளுக்கும் நடுவே ஓரிடத்தில் ஒட்டிக்கிடக்கும் ஓர் உயிர் எவ்வாறு பிழைக்கும்? தன்னை உண்ணவரும் விலங்கு முகம் சுளித்து விலகும்படி நச்சுச் சேர்மங்களை ஆக்கிக்கொள்வது ஒரு வழி. கடல்வாழ் சயனோபாக்டீரியாக்கள் பல இவ்வழியைத் தேர்ந்தன.

இவ்வுண்மையை மனிதர்கள் முதலில் உணர்ந்தது தம் தோலின் வழியாகத்தான். 1958ஆம் ஆண்டுக் கோடையில் ஹவாயின் ஓவாகு தீவில் கடலாடச் சென்றவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உடலில் எரிச்சலும் கொப்புளங்களும் கண்டனர். நீச்சலுடைக்குள் சிக்கிய மெல்லிய இழைகளே காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. அவ்விழைகள் ‘லிங்பியா மஜுஸ்குலா’ என்னும் சயனோபாக்டீரியா. ஹவாய்ப் பல்கலைக்கழக வேதியியலாளர் ரிச்சர்டு மூர், இவ்வகை இழைகளின் நஞ்சுகளைப் பிரித்தறியும் பணியில் இறங்கினார். 1977இல் ஒன்றும் 1979இல் மற்றொன்றுமாக இரு நச்சுச் சேர்மங்களின் அமைப்பை அவர் குழுவினர் வெளிப்படுத்தினர்.

அவற்றுள் முதலாவது சேர்மத்தில் ஒரு புதிர் இருந்தது. அதனோடு மிக நெருங்கிய உறவுடைய நஞ்சு ஏற்கெனவே கடல்முயல் என்னும் மெல்லுடலியில் கண்டறியப்பட்டிருந்தது. விலங்கின் உடலில் இருந்த நஞ்சு பாக்டீரியாவிலும் இருப்பானேன்? கடல்முயல் இவ்விழைகளை மேய்வது. மேய்ந்தவற்றின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துவைத்துக்கொண்டு, தன்னை உண்ணவரும் பகைக்கு எதிராகப் பயன்படுத்துவது. அன்று ஒரு குறிப்பாக மட்டும் தோன்றிய இச்செய்தி, மற்றொரு பெரிய புதிரை அவிழ்க்கப் பின்னர் உதவியது.

தெரிந்து தெளிவோம்

கடல்முயல், நத்தை இனத்தைச் சேர்ந்தது. தலைமேல் நிமிர்ந்து நிற்கும் இரு உணர்கொம்புகள் முயற்காதுகள்போல் தோன்றுவதால் இப்பெயர் பெற்றது. இதன் ஓடு சிறுத்து உடலுக்குள் மறைந்திருக்கும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, இதன் நச்சுத்தன்மையைப் பற்றி எழுதியுள்ளார்.

ஆயிரம் கிலோவும் கால் குன்றிமணியும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் ராபர்ட் பெட்டிட், கடல்வாழ் முதுகெலும்பற்ற விலங்குகளில் புற்றுநோய்க்கு மருந்து தேடியவர். 1972ஆம் ஆண்டு இந்தியப் பெருங்கடலின் மொரீசியசுத் தீவருகே சேகரித்த ‘டோலபெல்லா ஆரிகுலேரியா’ என்னும் கடல்முயலின் சாறு, ஆய்வகத்தில் எலிகளின் இரத்தப் புற்றணுக்களுக்கு எதிராகச் செயற்படுவதைக் கண்டார். சாற்றில் உள்ள நூற்றுக்கணக்கான சேர்மங்களுள் எது அவ்வேலையைச் செய்கிறது என்பதே அடுத்த வினா. விடை கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

ஏறத்தாழ 1000 கிலோகிராம் கடல்முயல்களிலிருந்து இறுதியில் கிடைத்தது 29 மில்லிகிராம் தூள். ஒரு குன்றிமணியின் எடையில் கால் பங்குதான் அது. அதற்கு ‘டோலஸ்டாட்டின் 10’ என்று பெயரிட்டு 1987இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். ஐந்து அலகுகள் கோத்த சிறு பெப்டைடு அது. அவ்வைந்தனுள் நான்கு, அதற்குமுன் எங்கும் அறியப்படாதவை. அணுக்கள் இணைந்த வரிசை தெரிந்தபின்னும் சிக்கல் தீரவில்லை. வலக்கையும் இடக்கையும்போல் இருவகையாய் அமையத்தக்க கார்பன் மையங்கள் அதில் ஒன்பது உண்டு. எனவே அமையக்கூடிய வடிவங்கள் 512. அவற்றுள் இயற்கை தேர்ந்தது எது? ஆய்வகத்தில் அச்சேர்மத்தைத் தொடக்கத்திலிருந்து உருவாக்கி இயற்கைப் பொருளோடு ஒப்பிட்டே இவ்வினாவுக்கு முடிவு காணப்பட்டது. 1989இல் நிறைவேறிய அச்செயற்கை ஆக்கம் இல்லாதிருந்தால், மருந்தாய்வு அத்துடன் நின்றிருக்கும். நோயாளிகளுக்குக் கொடுக்க எத்தனை டன் கடல்முயல்களை வாரியெடுப்பது?

டோலஸ்டாட்டின் செயற்படும் விதம் எளிதில் விளங்கக்கூடியது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்வன நுண்குழல்கள். டியூபுலின் என்னும் புரதத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டு அக்குழல்கள் உருவாகின்றன. டோலஸ்டாட்டின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு அந்த அடுக்குதலைத் தடுக்கிறது. பிரிவு பாதியில் நின்றுபோன உயிரணு மடிகிறது. தமிழகத்துத் தோட்டங்களில் பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்பிளாஸ்டினும் இதே புரதத்தைத்தான் தாக்குகிறது. நிலத்துச் செடியும் கடலின் நுண்ணுயிரும் தனித்தனியே ஒரே பூட்டுக்குச் சாவி செய்திருக்கின்றன.

விளைத்தது எது?

டோலஸ்டாட்டின் இத்துணைக் குறைந்த அளவில் கிடைத்ததே ஓர் ஐயத்தை எழுப்பியது. கடல்முயல் தானே ஆக்கும் பொருளாயின் இன்னும் சற்று மிகுதியாக இருக்க வேண்டாவா? அதன் உணவில் தேட வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

குவாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வலரி பால், பசிபிக் தீவுகளின் பவளப்பாறைகளில் எவ்விலங்கு எதனை மேய்கிறது என்பதை ஆராய்ந்தவர். அவரும் மூரும் இணைந்த குழு, 1998இல் குவாம் தீவின் ‘சிம்ப்ளோகா’ என்னும் சயனோபாக்டீரியாவில் டோலஸ்டாட்டினின் உடன்பிறப்பெனத்தக்க சேர்மத்தைக் கண்டது. 2001ஆம் ஆண்டு, பலாவு தீவில் சேகரித்த அவ்வினத்து இழைகளில் டோலஸ்டாட்டின் 10 தானே இருப்பதை ஹென்ட்ரிக் லூயெஷ் உள்ளிட்ட அக்குழுவினர் உறுதிசெய்தனர். கடல்முயலில் இருந்ததைவிடப் பன்மடங்கு மிகுதியாக அது அங்கு இருந்தது. முப்பதாண்டுகளாக விலங்கின் பெயரால் அறியப்பட்ட மருந்தின் உண்மையான ஆக்கர் ஒரு பாக்டீரியா என்பது அன்று வெளிப்பட்டது. கடல்முயல் அதனைத் தின்று சேமித்தது, அவ்வளவே. எனினும் பெயர் மாறவில்லை. டோலபெல்லா என்னும் கடல்முயலின் பெயரையே அச்சேர்மம் இன்றும் தாங்கி நிற்கிறது.

கடலடியிலிருந்து குப்பிக்கு

கண்டறிதல் எவ்வாறு நிகழ்கிறது? மூச்சுக்கருவி அணிந்து கடலில் இறங்கும் ஆய்வாளர், பாறைமேல் கொத்தாக நிற்கும் இழைகளைக் கையால் பறித்துப் பைகளில் இடுகிறார். ஒவ்வொரு பைக்கும் இடம், நாள், ஆழம் குறிக்கப்படுகின்றன. இக்குறிப்பு தவறினால் பின்னர் எத்துணைச் சிறந்த சேர்மம் கிடைத்தாலும் அதனை மறுபடி தேடிச் செல்ல வழியில்லை. ஒரு சிறுபகுதி நுண்ணோக்கி ஆய்வுக்கும் மரபணு ஆய்வுக்கும் ஒதுக்கப்படுகிறது; எஞ்சியதைக் கரிமக் கரைப்பான்களில் ஊறவைத்துச் சாறெடுக்கின்றனர்.

அச்சாற்றை வண்ணப்பிரிகை முறையால் பல கூறுகளாகப் பிரிக்கின்றனர். ஒவ்வொரு கூறும் வளர்ப்புக் கிண்ணங்களில் உள்ள புற்றணுக்களின்மேல் இடப்படுகிறது. எக்கூறு அணுக்களை மடியச் செய்கிறதோ அதனை மட்டும் எடுத்து மேலும் பிரிக்கின்றனர். நெல்லைப் புடைத்து, பதரை நீக்கி, மீண்டும் புடைப்பது போன்ற வேலை இது. தூய சேர்மம் கைக்கு வந்ததும், நிறை நிறமாலை அதன் எடையைச் சொல்லும்; அணுக்கரு காந்த ஒத்திசைவு நிறமாலை எவ்வணு எதனை அடுத்துள்ளது என்பதைச் சொல்லும். பல மாத உழைப்பின் முடிவில், இது முன்பே பிறர் கண்ட பொருள்தான் என்று தெரியவருவதும் உண்டு. இத்துறையில் மிகவும் சலிப்பூட்டும் நிகழ்வு அதுவே. அதனைத் தவிர்க்கவே இப்போது சாறெடுத்தவுடன் நிறை நிறமாலைப் பதிவுகளைத் தரவுத்தளங்களோடு கணினி வழி ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

இடர் மற்றொன்றும் உண்டு. நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தோன்றும் இழைகள் மரபணுவில் வேறாக இருக்கின்றன. லிங்பியா என்று அழைக்கப்பட்டவற்றுள் சேர்மவளம் மிக்க வெப்பமண்டல இனங்களை 2012இல் தனிப் பேரினமாகப் பிரித்து, மூரின் நினைவாக ‘மூரியா’ என்று பெயரிட்டனர். அப்பெயர் முன்னரே ஒரு தாவரத்துக்கு இடப்பட்டிருந்ததால் 2019இல் ‘மூரினா’ என்று திருத்த நேர்ந்தது. டோலஸ்டாட்டின் தந்த சிம்ப்ளோகாவும் இவ்வாறே ‘கால்டோரா’ என்னும் புதுப்பெயர் பெற்றது. பழைய ஆய்வேடுகளைப் படிக்கும் மாணவர் இப்பெயர் மாற்றங்களை அறியாவிடில் ஒரே உயிரியை மூன்று உயிரிகளாகக் கருதிவிடுவர்.

நஞ்சைக் கொண்டுசேர்த்தல்

1990களில் டோலஸ்டாட்டின் 10 நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராயப்பட்டது. கண்ணாடிக் கிண்ணத்தில் மிகச் சிறு அளவிலேயே புற்றணுக்களை அழித்த பொருள், மனித உடலில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. வெள்ளணுக்கள் குறைந்தன, சிலருக்குக் கைகால்களில் உணர்வு மரத்தது. நோயைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு மருந்தைக் கூட்டினால் நலமான அணுக்களும் தாங்கவில்லை. ஆய்வு கைவிடப்பட்டது. கணக்கின்படி பார்த்தால், இருபதாண்டு உழைப்பு தோல்வியில் முடிந்தது எனலாம்.

ஆனால் அத்தோல்வியை வேறொரு கோணத்தில் பார்த்தோரும் இருந்தனர். இச்சேர்மத்தின் குறை அதன் ஆற்றலன்று, சேருமிடம் அறியாமையே. உடல் முழுவதும் பரவாமல் புற்றணுவுக்குள் மட்டும் அதனைக் கொண்டுசேர்க்க இயலுமாயின், அதன் கொடிய நச்சுத்தன்மையே நன்மையாகும். சித்த மருத்துவர் நச்சுச் சரக்குகளைச் சுத்திசெய்து அவற்றின் கடுமையைத் தணித்த பின்னரே மருந்தில் சேர்ப்பர். இங்கு மேற்கொண்ட வழி அதற்கு நேர்மாறானது. நஞ்சின் கடுமையைத் தணிக்கவில்லை; அது செல்லும் பாதையை அடைத்துக் கட்டினர்.

டோலஸ்டாட்டினைச் சற்றே மாற்றியமைத்து ‘மோனோமெத்தில் ஆரிஸ்டாட்டின் ஈ’ என்னும் சேர்மத்தை உருவாக்கினர். அதனை எதிர்ப்பொருள் ஒன்றோடு சிறு இணைப்புத் துண்டால் பிணைத்தனர். ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றணுக்களின் மேற்பரப்பில் ‘சி.டி. 30’ என்னும் புரதம் மிகுதியாக உண்டு. எதிர்ப்பொருள் அப்புரதத்தைத் தேடிப் பற்றும். புற்றணு அதனை உள்ளிழுக்கும். உள்ளே உள்ள நொதிகள் இணைப்புத் துண்டை வெட்டும். அப்போதுதான் நஞ்சு விடுபடும். குருதியில் செல்லும்போது பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும் நஞ்சு, பகைவன் வீட்டுக்குள் புகுந்தபின் கட்டவிழ்கிறது.

‘பிரென்டுக்சிமாப் வெடோடின்’ எனப்படும் இம்மருந்தை அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2011 ஆகத்தில் ஏற்றுக்கொண்டது. அவ்வேற்புக்கு அடிப்படையான ஆய்வில் பங்கேற்ற ஹாட்ஜ்கின் நோயாளிகள் 102 பேர். குருத்தணு மாற்றுச் சிகிச்சைக்குப் பின்னும் நோய் நீங்காமலோ மீண்டும் தோன்றியோ துன்புற்றவர்கள் அவர்கள். அவர்களுள் நான்கில் மூவருக்குக் கட்டிகள் பாதியளவுக்கேனும் சுருங்கின. மூவரில் ஒருவருக்கு நோயின் சுவடே காணப்படவில்லை. எஞ்சியோருக்கு அப்பேறு வாய்க்கவில்லை. பலன் பெற்றவர்களிலும் பலர் கைகால் மரப்பால் வருந்தினர். வேறு எதிர்ப்பொருள்களோடு இதே நஞ்சைப் பிணைத்த மருந்துகள் 2019இல் இரண்டு ஏற்கப்பட்டன. பவளப்பாறையில் மீனைத் துரத்த அமைந்த ஒரு மூலக்கூறு, இவ்வாறு மருத்துவமனைக் குப்பிகளில் இடம்பெற்றது.

பெயரில் ஊர் உண்டு, பங்கு?

இவ்வுயிரிகளிலிருந்து பெற்ற சேர்மங்கள் சிலவற்றின் பெயரில் ஊர்கள் ஒளிந்துள்ளன. 1994இல் அறிவிக்கப்பட்ட ‘குராசின்’, கரீபியக் கடலின் குராசோ தீவிலிருந்து வந்தது. 2008இல் லூயெஷ் குழுவினர் கண்டறிந்த ‘லார்கசோல்’, புளோரிடாவின் கீ லார்கோவைத் தன் பெயரில் கொண்டது. பெயரில் இடம்பெறுவது பெருமைதான். ஆனால் ஒரு தீவின் கடலில் விளைந்த பொருள் வேறொரு நாட்டின் நிறுவனத்துக்குக் காப்புரிமையும் வருவாயும் தருமாயின், அத்தீவு மக்களுக்கு உரிய பங்கு எது?

1972இல் மொரீசியசுக் கடலில் கடல்முயல்களை எடுத்தபோது இவ்வினாவை எழுப்பப் பன்னாட்டுச் சட்டம் ஏதும் இருக்கவில்லை. 1992ஆம் ஆண்டின் உயிரியப் பல்வகைமை உடன்படிக்கை, ஒரு நாட்டின் உயிர்வளங்கள்மீது அந்நாட்டுக்கே உரிமை உண்டு என்று வகுத்தது. பயனைப் பகிர்ந்துகொள்ளும் முறையை 2010இல் ஜப்பானின் நகோயாவில் உருவான நெறிமுறை விரித்துரைத்தது. இந்தியா 2002இல் உயிரியப் பல்வகைமைச் சட்டத்தை இயற்றியது. அதனைச் செயற்படுத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் உள்ளது. எந்த நாட்டுக்கும் உரியதல்லாத ஆழ்கடலின் மரபுவளங்களையும் உள்ளடக்கிய ஒப்பந்தம் ஐக்கிய நாடுகள் அவையில் 2023இல்தான் ஏற்கப்பட்டது. சட்டம் அறிவியலுக்கு அரை நூற்றாண்டு பின்தங்கி நடந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

உரிமை கோருவதற்கு முதலில் தன்னிடம் இருப்பது இன்னது என்று அறிந்திருத்தல் வேண்டும். அவ்வகையில் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், நடுவண் அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை உதவியோடு 1991இல் தொடங்கப்பட்ட கடல்வாழ் சயனோபாக்டீரியாக்களுக்கான தேசிய வைப்பகம் குறிப்பிடத்தக்கது. இந்தியக் கடற்கரைகளில் சேகரித்த இனங்கள் அங்குக் குடுவைகளில் உயிருடன் காக்கப்படுகின்றன. இது எளிய பணியன்று. கடலில் செழித்து வளரும் இழைகளுள் பல, குடுவைக்குள் மிக மெதுவாகவே வளர்கின்றன. சில வளர மறுக்கின்றன. வளர்ந்தவை கடலில் ஆக்கிய சேர்மத்தைக் குடுவையில் ஆக்காமல் விடுவதும் உண்டு. மேயவரும் மீனில்லாத இடத்தில் நஞ்சுக்குத் தேவை என்ன என்று அவை கருதுகின்றனவோ!

இதற்கிடையில் கடலும் மாறிவருகிறது. வெப்பம் ஏறிய நீரில் பவளங்கள் வெளிறி மடியும் இடங்களில், சயனோபாக்டீரியா விரிப்புகள் தடித்துப் படர்ந்து எஞ்சிய பவளங்களையும் மூடுகின்றன. சேகரிப்போருக்கு இது வளம்போலத் தோன்றலாம். ஆனால் அழிந்துவரும் பாறையில் மிகுந்து பரவுவன ஒருசில இனங்களே. பலாவில் கிடைத்த கால்டோராபோல், நலமுள்ள பாறையின் இடுக்குகளில் சிறு கொத்துகளாய் நிற்கும் இனங்களைத் தேடி ஆய்வாளர்கள் இப்போதும் மூழ்கி வருகின்றனர்.

கற்பவை கற்றபின்

‘நஞ்சும் மருந்தாகும்’ என்னும் கருத்துக்கு நும் வட்டாரத்தில் வழங்கும் மருத்துவச் செய்திகளைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.

நும் பகுதி நீர்நிலைகளில் காணும் பாசி வகைகளுக்கு மக்கள் வழங்கும் பெயர்களைத் திரட்டி, உயிரியல் ஆசிரியர் துணையுடன் அவற்றுள் சயனோபாக்டீரியா எவை எனக் கண்டறிந்து எழுதுக.

“கடல்வளத்தால் பெறும் பயனில் கரைவாழ் மக்களுக்குப் பங்குண்டு” என்னும் பொருளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.